கரையில் நின்றவள்

கோடை பிறந்துவிட்டால் அந்தச் சலவைக்கூடத்துக்குள் சும்மா நிற்பதே ஒரு வேலை. ஒரு பக்கம் பாய்லர் கொதிக்கும். இன்னொரு பக்கம் விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் ரோலர் அனலைக் கக்கும். நடுவில் விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்த விரிப்பும் துவாலையும் தலையணை உறையும் சக்கரம் வைத்த கூடைகளில் குவிந்து கிடக்கும். சோப்பு நெடி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேலே போய்ச் சோற்றில் கை வைத்தாலும் அதே வாசனைதான்.

கூடத்துக்கு மேலேயே வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அதற்கும் மேலே துணி உலர்த்துகிற மொட்டைமாடி. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே உலையில் சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பாய்லரையும் மெஷின்களையும் பார்த்துக்கொள்வார். தம்பி வேன் ஓட்டுவார். அழுக்கை எடுத்துவருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் பாடு. பெண்கள் இருவருக்கும் ரோலரும் மடிப்பும்.

அண்ணனுக்கு ஒரே மகள், பதினொரு வயது. ஆள் சிறிசு, கறுப்பு, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் மிளகு. தம்பிக்கு ஒரே மகன், எட்டு வயது. ஓரிடத்தில் நில்லாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டே சுற்றுவதால் வண்டு. பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கொடுத்திருந்தார்களோ, தெருவுக்கு அவர்கள் மிளகும் வண்டும்தான். மிளகுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை என்று யாராவது சொன்னால் இரண்டும் சேர்ந்து சண்டைக்கு வரும்.

ஊர் முடிகிற இடத்தில் கல் வெட்டிக் கைவிட்ட குவாரிப் பள்ளம் ஒன்று இருந்தது. எந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் வற்றுவதில்லை. வெயிலில் வெந்துபோன பையன்களுக்கு அது வா வா என்று கூப்பிடும். போன கோடையில் அடுத்த தெருத் தையல்காரர் மகன் அதில் இறங்கியவன் ஏறவில்லை. பிறகு கம்பிவேலி போட்டார்கள். வேலி போட்ட வாரத்திலேயே பையன்கள் அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்குக் கோடைக்கால நீச்சல் வகுப்பு என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

"ரெண்டையும் சேர்த்து விட்டுடலாம்," என்றாள் மிளகின் அம்மா, விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு.

எதிர் முனைகளில் வண்டின் அம்மா. "வேணாங்க்கா. தண்ணின்னாலே இப்பவே அவனுக்குக் கண்ணு விரியுது. நீச்சலும் கத்துக் குடுத்துட்டா கேக்கவா வேணும்? எனக்கு எல்லாம் தெரியும்னு நேரா அந்தப் பள்ளத்துக்குத்தான் போய் நிப்பான்."

"தெரியாம போய் நின்னாதாண்டி ஆபத்து."

"தையல்காரர் மகனுக்குத் தெரியாதா? மீன் மாதிரி நீஞ்சுவான்னுதானே சொன்னாங்க."

"அவனுக்கு யாரு முறையா சொல்லிக் குடுத்தா? யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளிவிட்டுக் கத்துக்கிட்டது."

"இவனுக்குக் காது வேற சீழ் பிடிக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா."

விரிப்பை எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று தெரிந்தவள் மிளகின் அம்மா. பேச்சையும் அதற்குமேல் இழுக்கவில்லை. மகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். தொண்டை கட்டிய குரல். அதனால் எல்லாவற்றுக்கும் விசில். நில் என்பதற்கு ஒன்று, மூச்சை விடு என்பதற்கு ஒன்று, கரைக்கு வா என்பதற்கு நீளமாக ஒன்று. விசில் டீச்சர் என்றே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். தொடக்கத்தில் அவள் யாரையும் நீந்த விடவே இல்லை. படிக்கட்டில் உட்காரவைத்து முகத்தைத் தண்ணீரில் முக்கிக் குமிழி விடச் சொன்னாள். மல்லாந்து மிதக்கச் சொன்னாள். மிளகு வீட்டுக்கு வந்தும் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு இருப்பாள். வண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவான். பிறகு தானும் முக்குவான், புரையேறி, கண் சிவந்து எழுந்து, "நான்தான் ஜெயிச்சேன்," என்பான்.

"இன்னிக்கு என்னம்மா கத்துக்கிட்டே?" என்று ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பா கேட்டார்.

"கத்தறதுக்கு."

"அதுக்கு ஒரு கிளாஸா? உங்க அம்மாகிட்டயே வீட்ல கத்துக்கலாமே," என்றார் மிளகின் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

மிளகு சிரிக்கவில்லை. "யாராவது தண்ணியில தத்தளிச்சா முதல்ல கத்தணும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க. 'தண்ணியில ஆளு'ன்னு விடாம கத்தணும். அப்புறம் மிதக்கற மாதிரி எதையாவது எறியணும். காலி கேனு, பந்து, எதுன்னாலும். நாம இறங்கக் கூடாது."

"இறங்கக் கூடாதுன்னா அப்புறம் நீச்சல் எதுக்கு?" என்றாள் சித்தி.

"நாம விழுந்தா நாம பொழைக்கறதுக்கு."

"நல்ல கதையா இருக்கே. தனக்கு மட்டும் நீச்சல்!"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். மிளகின் அம்மாவும்தான்.

கோடை பாதி கடப்பதற்குள் மிளகு குளத்தின் அகலத்தைத் தாண்டிவிட்டாள். தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள்.

அன்றைக்கு ஒரு பெரிய விடுதியிலிருந்து கல்யாணக் கூட்டத்து விரிப்புகள் மொத்தமாக வந்திருந்தன. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ரோலர் வேறு நடுநடுவே மக்கர் செய்தது. அண்ணன் அதைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் நிமிரவே இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகுதான் மிளகின் அம்மா கேட்டாள்.

"வண்டு எங்க? சத்தமே காணோம்."

யாருக்கும் தெரியவில்லை. பையன்கள் சிலர் பள்ளத்துப் பக்கம் போனதைப் பார்த்ததாக எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

"நீ ஓடிப்போய் அவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா," என்று மிளகை அனுப்பினாள் அவள் அம்மா. "வேலிக்கு இந்தப் பக்கமே நின்னு கூப்பிடு."

கொஞ்ச நேரம் கழித்துத் தெருவையே உலுக்குகிற மாதிரி ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து கூடத்தின் முன்னால் நின்றது. ஓட்டுநரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் மிளகு. அவள் மடியில் வண்டு. வேட்டி ஒன்றில் சுற்றிக் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது.

"சித்தி! வண்டு! வண்டு!" என்றாள் மிளகு.

லாரி அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. பின்னாலேயே வேன் போனது. ரோலரில் பாதி நுழைந்திருந்த விரிப்பு ஒன்று அப்படியே கருகிக்கொண்டிருந்தது.

நடந்தது பிறகு துண்டுதுண்டாகத் தெரியவந்தது. பையன்கள் மூடிபோட்ட காலி கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக மிதந்து விளையாடியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கல்தட்டு. அதற்கு அப்பால் ஒரேயடியாகப் பாதாளம். வண்டின் கை நழுவியிருக்கிறது. மற்றப் பையன்கள் பயந்து, கேனைக் கரையில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்த நேரத்துக்குத்தான் மிளகு போய்ச் சேர்ந்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள், கேனை எறிந்திருக்கிறாள். அந்தப் பக்கம் லாரி கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஓடிவந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். அதற்குள் வண்டு அடியில் போயிருந்தான். வெளியே எடுத்து, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, மூச்சு வந்த பிறகுதான் லாரியில் ஏற்றினார்.

மூச்சு வந்ததே தவிர நினைவு வரவில்லை. நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர். குழாய் வைத்தார்கள். "பார்க்கலாம்," என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வண்டின் அம்மா அந்த வார்டின் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

"நீச்சல் தெரிஞ்சவ. ஒரு கோடை முழுக்கக் கத்துக்கிட்டவ. கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா. என் புள்ளை முங்கறதை நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் மிளகின் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்கள். அவள் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு பெஞ்சுக்கு அடியில் திறக்காமலே ஆறியது.

வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் மிளகின் அம்மாவுக்கு உள்ளேயும் அதுதான் அறுத்துக்கொண்டிருந்தது. குளத்தைக் குறுக்கே தாண்டினவள். கண் எதிரே தம்பி. ஏன் நின்றாள்? வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேவிட்டாள்.

"ஏண்டி, ஒரு எட்டு இறங்கியிருக்கக் கூடாதா நீ? கை எட்டுற தூரம்தானேடி?"

மிளகு அம்மாவைப் பார்த்தாள். "டீச்சர் இறங்கக் கூடாதுன்னு சொன்னாங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் படாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை மிளகின் அம்மா குளத்துக்குப் போனாள். பிள்ளைகள் தண்ணீரில் காலடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் விசில் டீச்சர் நீளமாக ஊதி எல்லோரையும் கரையேற்றிப் படியில் உட்காரவைத்தாள். பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

"என் பொண்ணுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க நீங்க?"

"இறங்காதேன்னு சொல்லிக் குடுத்தேன்."

"அதனாலதாங்க ஒரு பிள்ளை வாயில குழாயோட கெடக்கறான்."

"தெரியும். நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வரத் தைரியம் இல்லாமத் திரும்பிட்டேன்."

இப்படி ஒரு பதிலை மிளகின் அம்மா எதிர்பார்க்கவில்லை. கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

டீச்சர்தான் பேசினாள். குரல் இன்னும் கட்டியிருந்தது. "முங்கறவங்க கையில கெடைச்சதைக் கட்டிப் பிடிப்பாங்கம்மா. கழுத்தைப் பிடிச்சா விட மாட்டாங்க. இப்பதான் நீஞ்சக் கத்துக்கிட்ட ஒரு பிள்ளையால இன்னொரு பிள்ளையை இழுத்துட்டு வர முடியாது. இதை எத்தனை தடவைன்னாலும் உங்ககிட்ட நான் சொல்லுவேன். ஆனா அந்தப் பையன் கண்ணு முழிக்கலேன்னா, அவன் அம்மாகிட்டப் போய் இதை நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."



"என் பொண்ணு இனிமே வர மாட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகின் அம்மா திரும்பி நடந்தாள். படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஈரம் சொட்டச் சொட்ட அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை யாருக்காகவும் நிற்கவில்லை. அழுக்கு வந்துகொண்டே இருந்தது. தம்பி இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பகலில் தூங்காத கண்ணோடு வேன் ஓட்டினார். மிளகின் அம்மா பெரிய விரிப்புகளின் ஒரு முனையைக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டி, ஒற்றை ஆளாக மடித்துப் பார்த்தாள். கோணல்மாணலாக வந்தது. மிளகு தானாகவே கீழே இறங்கி வந்து துவாலைகளை மடித்தாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வண்டின் அம்மா குளித்து உடை மாற்றிக்கொண்டு போக வந்தது அப்படி ஒரு பகலில்தான். கூடத்தைக் கடந்துதான் மாடிப்படிக்குப் போக வேண்டும். துவாலை மடித்துக்கொண்டிருந்த மிளகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீ நல்லா இருடி. உனக்கென்ன. நீ தண்ணியில விழுந்தா எழுந்து வந்துடுவே. தனக்கு மட்டும் நீச்சல் கத்துக்கிட்டவ இல்ல?"

மிளகின் கையிலிருந்த துவாலை கீழே விழுந்தது.

"போதும்," என்றாள் மிளகின் அம்மா. "ஆஸ்பத்திரியில வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்னே. வாயை மூடிட்டு இருந்தேன். பெத்தவ வயிறு எரியுதுன்னு பொறுத்துக்கிட்டேன். புள்ளை மூஞ்சிக்கு நேரா சொல்லாதே."

"சொன்னா என்னக்கா? நடந்ததைத்தானே சொல்றேன்."

"நடந்ததைத்தான் சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லு. அந்தக் கேனை அவனுக்கு யாரு எடுத்துக் குடுத்தது?"

வண்டின் அம்மா மாடிப்படிப் பக்கம் திரும்பினாள்.

"நான் ரோலர்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். உன் காலைச் சுத்திச் சுத்தி வந்தான். கேனு வேணும், கேனு வேணும்னான். மூடியை இறுக்கிக் கையில குடுத்து, எங்கயாவது போய்த் தொலைன்னு சொன்னியே, அதை ஆஸ்பத்திரியில யார்கிட்டயாவது சொன்னியா?"

வேனிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்த தம்பி அப்படியே வாசலில் நின்றார்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

சொல்லிவிட்ட பிறகுதான் மிளகின் அம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பாய்லருக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் வந்தார். "என்ன காரியம் பண்ணிட்டே," என்றார் மெதுவாக.

வண்டின் அம்மா மேலே போகவில்லை, குளிக்கவும் இல்லை. கட்டிய துணியோடு திரும்பி ஆஸ்பத்திரிக்கே நடந்தாள். சாயங்காலம் தம்பி வந்து இருவரின் துணிகளையும் ஒரு பையில் திணித்துக்கொண்டார். "பையன் வீட்டுக்கு வரட்டும்ண்ணே. அப்புறம் நாங்க வேற இடம் பாத்துக்கறோம்," என்றார். அண்ணன், "சரி," என்றார்.

அந்த வாரக் கடைசியில் வண்டு கண் விழித்தான். முதலில் கேட்டது, "என் செருப்பு எங்க?" என்றுதான். நர்ஸ் சிரித்துவிட்டாளாம். டாக்டர் ஏதேதோ கேள்வி கேட்டார், விரலைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். தண்ணீருக்குள் போனது மட்டும் அவனுக்கு நினைவில்லை. கேனைப் பிடித்துக்கொண்டு காலடித்தது வரைக்கும்தான் இருந்தது. அதற்குமேல் வெறும் வெள்ளை.

வீட்டுக்கு வந்தபோது கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினான். வேறு வீடு தேடுகிற பேச்சு அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஒரே சமையல்கட்டில் இரண்டு அடுப்பு வந்தது. ஒன்றில் சோறு வேகும்போது மற்றொன்றில் பையனுக்குக் கஞ்சி கொதிக்கும். இரண்டு பெண்களும் ஒருவர் கை மற்றவர் மேல் படாமல், உப்பு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, பேசாமல் சமைத்தார்கள். வண்டுக்கு இதெல்லாம் புரியவில்லை. "அக்கா, அக்கா," என்று மிளகைத்தான் தேடினான். அவளும் போய் உட்கார்ந்து சீட்டு விளையாடுவாள். அவன் கண்ணைப் பார்க்க மாட்டாள், சீட்டைத்தான் பார்ப்பாள்.

லாரி ஓட்டுநர் ஒருநாள் வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு. நாற்காலி போட்டும் நுனியில்தான் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தார்கள்; ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"பையன் தேறிட்டான் போலிருக்கே. நல்லதுங்க. தூக்கமே இல்லை எனக்கு. கண்ணை மூடினா கையில அந்தச் சில்லுன்னு இருந்த உடம்புதான்." சுற்றிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எங்க?"

மிளகு கதவோரம் நின்றிருந்தாள். அவள் அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள், என்ன வரப்போகிறதோ என்று.

"இந்தப் பொண்ணாலதாங்க," என்றார் அவர். "லாரியில பம்பு ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு ஒண்ணுமே கேக்கல. பம்பை நிறுத்தினா, 'தண்ணியில ஆளு, தண்ணியில ஆளு'ன்னு ஒரே கத்தல். தொண்டை கிழிஞ்சிருக்கும். நான் ஓடியாந்து பாக்கறப்ப தண்ணிமேல ஆளே இல்ல. கேனு மட்டும் மிதக்குது. இந்தப் பொண்ணு கையை நீட்டி ஒரே இடத்தைக் காட்டிக்கிட்டே நின்னுச்சு. கண்ணை எடுக்கல. அங்கதான் குதிச்சேன். இல்லேன்னா அவ்வளவு பெரிய பள்ளத்துல எங்கன்னு தேடறது?" தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "கயிறு கட்டியே எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. அதுவும் இறங்கியிருந்தா..." முடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் இதே உயரத்துல ஒண்ணு இருக்குங்க வீட்ல."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வண்டின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் போன பிறகும் வெளியே வரவில்லை. தம்பி மட்டும் எழுந்து வந்து மிளகின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைப் பொத்தான் அவள் நெற்றியில் அழுந்தியது.

அன்றைக்கே தெரு கட்சி மாறிவிட்டது. உச்சுக் கொட்டினவர்கள் எல்லாம் இப்போது, "புத்திசாலிப் பொண்ணு," என்றார்கள். எதிர்க்கடைக்காரர் மிட்டாய் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். தங்கள் பிள்ளைகளை நீச்சலில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு தெருக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். விசில் டீச்சர் ஆள் அனுப்பினாள்: மிளகு ஒருநாள் வந்து, நடந்ததை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? மிளகின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துணி கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். "டீச்சர் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே செஞ்சிருக்கா. எனக்கே தெரியாமப் போச்சு."

திட்டியபோது தலையைக் குனிந்துகொண்டாவது நின்ற மிளகு, புகழ ஆரம்பித்ததும் ஓடி ஒளிய ஆரம்பித்தாள். மிட்டாயை வண்டிடம் கொடுத்துவிட்டாள். குளத்துக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். யாராவது மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டால் துணிக்கூடைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பயம் இன்னும் தெளியவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு பிற்பகல். மொட்டைமாடியில் வண்டின் அம்மா உலர்ந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வந்துபோனதிலிருந்து மிளகின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். கீழே வண்டோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்த மிளகு பாதியில் எழுந்து மேலே வந்தாள். வெறுங்கால் சுட, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"சித்தி."

வண்டின் அம்மா திரும்பாமல், "என்ன?" என்றாள்.

"எல்லாரும் தப்பா சொல்றாங்க சித்தி."

"யாரு?"

"எல்லாரும்தான். அம்மா, லாரி மாமா, டீச்சர்." கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் டீச்சர் சொன்னதுக்காக நிக்கல. நான் இறங்கினேன்."

வண்டின் அம்மா திரும்பினாள்.

"போனதும் கத்தல. கேனை எறியல. டீச்சர் சொன்னது ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அப்படியே இறங்கிட்டேன். இடுப்பு வரைக்கும் வந்துச்சு. கல்லு வழுக்குச்சு. அடுத்த எட்டு வச்சா தரை இல்ல. அவன் அங்க இருக்கான். என்னால முடியல சித்தி. பயமா இருந்துச்சு. திரும்பி ஏறிட்டேன். கரைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் கேனைப் பாத்தேன். அப்புறம்தான் கத்தினேன். முதல்லயே கத்தியிருந்தா அவரு சீக்கிரம் வந்திருப்பாரு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அழவில்லை. அடி விழப்போகிறது என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

வண்டின் அம்மா கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டாள். கைப்பிடிச்சுவர் நிழலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"மேல சுட்டுச்சு. காலுகிட்ட ஐஸ் மாதிரி."

"அவன் கண்ணு திறந்திருந்துச்சா?"

"ம்."

"என்னைக் கூப்பிட்டானா?"

மிளகு குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"அம்மான்னு கூப்பிட்டானாடி?"

"இல்ல சித்தி," என்றாள் மிளகு. "அக்கான்னு கூப்பிட்டான். அப்பதான் நான் இறங்கினேன். திரும்பியும் கூப்பிட்டான். அப்ப நான் முதுகைக் காட்டிக்கிட்டு ஏறிக்கிட்டு இருந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்க வந்தது. வண்டின் அம்மா அவள் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்து உட்காரவைத்தாள். அழாதே என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வெயிலில் சிவந்துபோயிருந்த அந்தப் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள்.

"கேனை நான்தாண்டி குடுத்தேன்," என்றாள். "உங்க அம்மா சொன்னது நெசம். எங்கயாவது போய்த் தொலைன்னுதான் சொன்னேன். அவனைப் பெத்தவ. அந்த வாயாலதான் உன்னையும் அப்படிப் பேசினேன்."

மிளகு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். சித்தியின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. கொடியில் மீதமிருந்த விரிப்புகள் காற்றில் படபடத்தன.

கீழேயிருந்து குரல் வந்தது. இன்னும் பழைய பலம் வராத, மூச்சு வாங்குகிற குரல்.

"அக்கா!"

மிளகு எழவில்லை.

"அக்கா! எங்க போயிட்டே?"

மிளகு சித்தியையே பார்த்தாள். வண்டின் அம்மா மடியிலிருந்த அந்தப் பாதங்களை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"போடி," என்றாள். "உன்னைத்தான் கூப்பிடறான்."

மிளகு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இதோ வரேண்டா," என்று குரல் கொடுத்தபடியே படிகளில் இறங்கி ஓடினாள்.